ஒரு வயதுக்குள் ஜூஸ் வேண்டாம்: ஒரு ஜூஸ் கடைக்காரரின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் கோடையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். பருத்தித் துணி, வேர்க்குரு, மத்தியான வெயில் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். நடுவில் ஒரு கட்டம் போட்டு, ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தினமும் சாத்துக்குடி, ஆப்பிள், மாதுளைச் சாறு கொடுத்தால் சூடு தணியும், ரத்தம் ஊறும் என்று அச்சிட்டிருந்தது. அந்தக் கட்டத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் பாளையங்கோட்டையில் ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். பழமும் விற்கிறேன், ஜூஸும் போடுகிறேன். உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு நாலு பேர் பிள்ளைக்கு ஜூஸ் வாங்க வந்தால் எனக்குக் காசுதான். ஆனாலும் அந்த யோசனை தப்பு. இன்றைக்குக் குழந்தை மருத்துவம் சொல்வது வேறு. கடிதம் நீளமாகப் போகும். வெட்ட வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள், மாத வயதுகளை மட்டும் வெட்டாதீர்கள்.

என் கடையைச் சுற்றிக் குழந்தை டாக்டர்களின் கிளினிக் சில உண்டு. தடுப்பூசி நாளென்றால் காலையிலேயே கூட்டம் வந்துவிடும். டோக்கன் எடுத்து அம்மாவையும் பிள்ளையையும் உள்ளே உட்கார வைத்துவிட்டு அப்பா மட்டும் கடைக்கு வருவார். "அண்ணாச்சி, ஒரு ஆப்பிள் ஜூஸ். சுகர் போடாதீங்க, ஐஸ் போடாதீங்க, பிள்ளைக்கு" என்பார். எத்தனை மாசம் என்று கேட்டால் ஏழு என்பார், எட்டு என்பார். ஒருமுறை நாலு மாதப் பிள்ளைக்கு ஒருவர் பால்புட்டியையே கொண்டுவந்து, இதிலேயே ஊற்றிக் கொடுங்க என்றார். கெட்ட மனிதர்கள் கிடையாது. தங்களுக்கு டீயோடு நிறுத்திக்கொண்டு பிள்ளைக்கு விலை கூடின பழமாகப் பார்த்துக் கேட்கிறவர்கள். அதனால்தான் சொல்லத் தோன்றுகிறது.

சர்க்கரை போடாதே என்றால் சர்க்கரை இல்லாமல் போய்விடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். பழத்திலேயே சர்க்கரை இருக்கிறதே! ஒரு சொட்டுச் சீனி சேர்க்காத ஆப்பிள் ஜூஸில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை உண்டு. கறுப்பு கோலா பானத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பிள்ளைக்குக் கோலா கொடுங்கள் என்று சொன்னால் என்னை அடிக்க வருவார்கள். ஆப்பிள் ஜூஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். பழத்தைக் கடித்துத் தின்றால் அதே சர்க்கரை நாரோடு சேர்ந்து மெதுவாக உள்ளே போகிறது, அரைப் பழத்திலேயே வயிறு போதும் என்று சொல்லிவிடுகிறது. சாறாக்கினால் அந்த நிதானம் போய்விடும்.

இதைப் புரிந்துகொள்ள என் கடைக்குப் பின்னால் வந்து பார்த்தாலே போதும். ஒரு கிளாஸ் சாத்துக்குடி ஜூஸுக்குப் பழத்தைப் பொறுத்து மூன்று அல்லது நான்கு பழம் போகும். தோலை உரித்து, வெள்ளைத் தோலை எடுத்து, கொட்டை நீக்கி, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு வடிகட்டினால் சல்லடையில் நிற்பதுதான் நார். அந்தச் சக்கையை ஒரு டப்பாவில் போட்டு வைப்பேன். மாடு வைத்திருக்கும் ஒருவர் சாயங்காலம் வந்து அள்ளிக்கொண்டு போவார். ஆக, நார் மாட்டுக்கு, சர்க்கரைத் தண்ணீர் பிள்ளைக்கு. எட்டு மாதப் பிள்ளை சாத்துக்குடிச் சுளை இரண்டு தின்றால் பெரிது. நான்கு பழத்தின் இனிப்பை அது எந்தக் காலத்திலும் தானாகத் தின்னாது.

இடம் என்றொரு கணக்கும் இருக்கிறது. அந்த வயதுப் பிள்ளையின் இரைப்பை, எடையில் கிலோவுக்கு 30 மில்லி அளவுதான் பிடிக்கும் என்பார்கள். ஏழு கிலோ பிள்ளைக்கு 200 மில்லி சொச்சம். அதில் 100 மில்லி ஜூஸை ஊற்றினால் பாதி வயிறு போச்சு. அப்புறம் பால் குடிக்காது, சோறு இறங்காது. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 65 முதல் 70 கலோரி வரை இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, புரதம் இருக்கிறது, கிருமியை எதிர்க்கிற சங்கதிகள் இருக்கின்றன. பழச்சாற்றில் 45 கலோரி சொச்சம், அத்தனையும் சர்க்கரை. கொழுப்பும் புரதமும் பேருக்குத்தான். பிள்ளை சாப்பிடவே மாட்டேன் என்கிறது, ஜூஸ் மட்டும்தான் குடிக்கிறது என்று அம்மாக்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, ஜூஸ் குடிப்பதால்தான் அது சாப்பிடவில்லை.

சரி, ஜூஸ் விற்கிறவன் சொல்வதை எதற்கு நம்ப வேண்டும்? டாக்டர்கள் சொன்னதையே சொல்கிறேன். என் மருமகள் ஸ்டாஃப் நர்ஸ், அவள்தான் எடுத்துக் காட்டினாள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2001-ல், ஆறு மாதத்துக்கு முன்னால் ஜூஸ் வேண்டாம் என்று சொல்லியிருந்தது. 2017-ல் அதை மாற்றி, ஒரு வயது வரைக்கும் வேண்டாம் என்று ஆக்கிவிட்டது. மருத்துவக் காரணம் இருந்து டாக்டரே சொன்னால் மட்டும் விதிவிலக்கு. ஒன்று முதல் மூன்று வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 120 மில்லி. அதையும் கொடுத்தே தீர வேண்டும் என்று கிடையாது. அதற்கு மேல் போகாதே என்பதுதான் பொருள்.

நம் நாட்டு இந்தியக் குழந்தை மருத்துவர் அகாடமி 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் கறார். இரண்டு வயது வரை பழச்சாறும் பழ பானமும் கூடாது. இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு 125 மில்லி, அதாவது அரை கப். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 250 மில்லி. அதுவும் புதிதாகப் பிழிந்ததாக இருக்கட்டும், அதைவிடப் பழமாகவே கொடுப்பது மேல் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-ல், ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உணவு பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில், சர்க்கரை சேர்த்த பானம் கூடவே கூடாது, கலப்பில்லாத பழச்சாற்றையும் மட்டுப்படுத்த வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் இணைப்பில் எழுதியவர் பழைய புத்தகம் எதையோ பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

பழைய புத்தகம் என்று இளக்காரமாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே இந்தச் சண்டை நடந்தது. பேரனுக்கு ஏழு மாதம் இருக்கும்போது சம்பந்தியம்மா வந்திருந்தார்கள். பிள்ளைக்கு ஏத்தம்பழத்தை அவித்து மசித்து ஊட்டிக்கொண்டிருந்தாள் மருமகள். "என்னம்மா இது, ஜூஸ் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வாய் ஜூஸ் கிடையாதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். என் வீட்டுக்காரியும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டாள். "நம்ம மூத்தவனுக்கு மூணாவது மாசமே சாத்துக்குடிச் சாறு குடுக்கச் சொன்னது டாக்டர்தானே, நானா குடுத்தேன்?" என்றாள். அவள் சொன்னது உண்மை. அந்தக் காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். சாற்றைப் பிழிந்து, பாதிக்குப் பாதி வெந்நீர் கலந்து, சங்கில் ஊற்றிப் புகட்டச் சொன்னார்கள்.

அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மேல்நாட்டில் தாய்ப்பாலுக்குப் பதிலாக டின் பாலும் காய்ச்சிய பாலும் கொடுத்து வளர்த்த பிள்ளைகளுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது, கை காலைத் தொட்டாலே வீறிட்டு அழுதன. லண்டனில் தாமஸ் பார்லோ என்ற டாக்டர் 1883-ல் அது ஸ்கர்வி நோய்தான் என்று நிறுவினார். கடலோடிகளுக்கு வைட்டமின் சி குறைந்து வருகிற அதே நோய். பாலைச் சூடாக்கினால் அதில் இருக்கும் கொஞ்ச நஞ்ச வைட்டமின் சியும் போய்விடும். ஆரஞ்சுச் சாறு கொடுத்ததும் பிள்ளைகள் தேறின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அரசாங்கமே சிறு பிள்ளைகளுக்கு ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும் பங்கிட்டுக் கொடுத்தது. நம் டாக்டர்கள் படித்ததும் அந்த ஊர்ப் புத்தகங்கள்தானே. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அதிலேயே வைட்டமின் சி கிடைத்துவிடுகிறது. இன்றைய பால் பவுடரிலும் அதைச் சேர்த்தே விற்கிறார்கள். நோய் போய்விட்டது, மருந்து மட்டும் வழக்கமாக நின்றுவிட்டது. இதைச் சொன்ன பிறகு சம்பந்தியம்மா சமாதானம் ஆனார்கள். பேசிப் புரியவைத்தால் பெரியவர்கள் கேட்கிறார்கள், கேலி செய்தால்தான் கேட்பதில்லை.

தாய்ப்பால் விஷயத்திலும் கணக்கு மாறியிருக்கிறது. முன்பு நாலு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் இணை உணவு, அதாவது தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் மற்ற உணவு, தொடங்கலாம் என்றிருந்தது. 2001-ல் உலக சுகாதார சபை அதை ஆறு மாதம் என்று தீர்மானம் போட்டது. அந்த ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும்தான். ஜூஸ் என்ன, தண்ணீர்கூட வேண்டாம், அக்னி நட்சத்திரத்திலும் வேண்டாம். தாய்ப்பாலில் 100-க்கு 88 பங்கு தண்ணீர்தான். அம்மா நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், பிள்ளை கேட்கிறபோதெல்லாம் பால் கொடுக்கட்டும். சூடு தணிய ஜூஸ் என்று நீங்கள் போட்டது எனக்கு உறுத்தியது இதனால்தான். ஆறு மாதம் முடிந்தபின் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை டம்ளரில் அவ்வப்போது கொஞ்சம் கொடுத்தால் போதும்.

அடுத்தது ரத்தம் ஊறும் விஷயம். மாதுளை சிவப்பாக இருப்பதால் ரத்தத்துக்கு நல்லது என்று யார் கிளப்பிவிட்டார்களோ, அதை நம்பி வருகிறவர்கள்தான் என் கடையில் அதிகம். மாதுளை நல்ல பழம், மறுக்கவில்லை. ஆனால் 100 கிராம் மாதுளையில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம்கூட இல்லை. பிறக்கும்போது உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் இரும்பு ஆறு மாதத்தில் குறைந்துபோகிறது. சரியாக அந்த வயதில்தான் நாம் இரும்பே இல்லாத சாற்றால் வயிற்றை நிரப்புகிறோம். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியப் பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57 சதவீதம். முந்தைய ஆய்வில் நம் மாநிலத்தில் 51 சதவீதம் இருந்தது, கூடியிருக்கிறது. ரத்தம் ஊற வேண்டுமென்றால் கேழ்வரகு, பருப்பு, கீரை, முட்டை மஞ்சள் கரு, அசைவம் சாப்பிடும் வீடென்றால் நன்றாக வேகவைத்து மசித்த ஈரல், மீன். டாக்டர் எழுதித் தரும் இரும்புச் சத்து சிரப். சாப்பாட்டோடு இரண்டு சுளை ஆரஞ்சோ ஒரு துண்டு கொய்யாவோ மசித்துக் கொடுத்தால் அதில் இருக்கும் வைட்டமின் சி, கேழ்வரகிலும் கீரையிலும் இருக்கும் இரும்பை உடம்பில் ஏற்ற உதவும். பழத்துக்கு உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

இப்போது 'ஏபிசி' ஜூஸ் என்று ஒன்று ஓடுகிறது: ஆப்பிள், பீட்ரூட், கேரட். பெரியவர்கள் குடிப்பதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. பிள்ளை நிறமாக வரும் என்று மூன்று மாதச் சிசுவுக்கு அதைக் கேட்பவர்களைப் பார்த்துத் திகைத்திருக்கிறேன். பீட்ரூட்டிலும் கேரட்டிலும் நைட்ரேட் உண்டு. அந்த இளம் வயதில் அது ரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதையே கெடுத்துப் பிள்ளை நீலம் பாரிக்கும் அளவுக்குக் கொண்டுபோகலாம் என்கிறார்கள் டாக்டர்கள். நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது, மிக்ஸியிலிருந்து வருவதில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது வயிற்றுப்போக்கு. வெயில் காலத்திலும் சரி, மழை தொடங்கும்போதும் சரி, பிள்ளைக்குப் பத்துத் தடவை போய்விட்டது, தெம்புக்கு ஜூஸ் கொடுங்க அண்ணாச்சி என்று ஓடி வருவார்கள். அப்போது ஜூஸ் கொடுத்தால் போவது அதிகமாகும். குடல் உறிஞ்ச முடியாத சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆப்பிளிலும் பேரிக்காயிலும் சார்பிட்டால் என்று ஒரு சர்க்கரை வேறு இருக்கிறது, அது இன்னும் இளக்கிவிடும். வயிற்றுப்போக்கில் உடம்பு இழக்கும் தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டக் கொடுப்பது ஓ.ஆர்.எஸ். கரைசல். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுப்படி அதில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அதற்குப் பொருத்தமாக உப்பு 2.6 கிராம், பொட்டாசியமும் சிட்ரேட்டும் அளவாக. அந்த அளவில்தான் குடல் உப்பையும் தண்ணீரையும் சேர்த்து உள்ளே இழுக்கும். பழச்சாற்றில் லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை, ஏழு மடங்கு, சோடியம் பேருக்குத்தான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும்; பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். டம்ளரில் கொஞ்சம் தண்ணீர், அதில் கொஞ்சம் பொடி என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. கூடவே டாக்டர் சொல்லும் துத்தநாகச் சத்து மருந்து. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகவில்லை என்றாலோ, துவண்டு கிடந்தாலோ கடைப் பக்கமே வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதில் அநியாயம் ஒன்று பல வருடம் நடந்தது. ஆப்பிள், ஆரஞ்சு சுவையில் அட்டைப் பெட்டியில் அடைத்த இனிப்பு பானங்களைப் பெயரிலேயே ஓ.ஆர்.எஸ். என்று போட்டு மருந்துக் கடையில் விற்றார்கள். அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே என் கடைக்கு வந்தவர்கள் உண்டு. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் அதை எதிர்த்து வருடக்கணக்காகப் போராடினார். கடைசியில் 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உணவுப் பொருள் எதன் பெயரிலும் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் வரக் கூடாது என்று உத்தரவு போட்டது. உங்கள் பத்திரிகைபோன்றவை இதை இன்னும் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

பாக்கெட் ஜூஸ் பற்றியும் இரண்டு வார்த்தை. பெட்டிக்கடையில் தொங்கும் மாம்பழ பானத்தில் மாம்பழம் எத்தனை சதவீதம் என்று பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் கொஞ்சம்தான் இருக்கும். மீதி தண்ணீரும் சீனியும். பொங்கல், தீபாவளிக்கு ஊருக்கு வருகிற மாமாக்கள் ஒரு வயதுகூட ஆகாத பிள்ளை கையில் அதைக் கொடுத்து, உறிஞ்சுவதை வீடியோ எடுக்கிறார்கள். பழக்கூழையும் செறிவாக்கிய சாற்றையும் தண்ணீரில் கரைத்து அடைத்ததை 'நூறு சதவீதம் பழச்சாறு' என்று போடக் கூடாது என்று 2024 ஜூனில் அதே ஆணையம் சொன்னது. சட்டத்தில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. பால் பவுடருக்கும் பால்புட்டிக்கும் 1992-லேயே தனிச் சட்டம் வந்தது. 2003-ல் அதைத் திருத்தி இரண்டு வயது வரையான குழந்தை உணவுகளின் விளம்பரத்தையும் தடுத்தார்கள். ஜூஸ் பாக்கெட்டைக் குழந்தை உணவு என்று சொல்லி விற்பதில்லையே, அதனால் தப்பித்துக்கொள்கிறது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யும் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சோடா ஏற்றிய பானத்துக்கு 40, இதற்கு 5. அரசாங்கமும் இதைப் பழம் என்றுதான் நம்புகிறதோ என்னவோ.

என் போன்ற கடை ஜூஸில் வேறு அபாயம். பெரும்பாலானவர்கள் ஐஸ் வேண்டாம், சளி பிடிக்கும் என்பார்கள். ஐஸ் வேண்டாம் என்பது நல்ல புத்திதான். ஆனால் பயப்பட வேண்டியது சளிக்கு இல்லை, ஐஸ் செய்த தண்ணீருக்கு. மீன் வைக்கும் ஐஸும் குடிக்கும் ஐஸும் கலந்துவிடக் கூடாது என்று, சாப்பிடத் தகாத ஐஸுக்கு நீலச் சாயம் ஏற்றச் சொல்லி 2018-ல் உத்தரவு வந்தது. உங்கள் ஊரில் நீல ஐஸ் கட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தது குறைவு. ஐஸை விடுங்கள். மிக்ஸி ஜார், சல்லடை, கத்தி, துடைக்கிற துணி, கூட்ட நேரத்தில் என் கை. எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் காய்ச்சாத சாறு காய்ச்சாத சாறுதான். 1996-ல் அமெரிக்காவில் சூடாக்கிக் கிருமி நீக்காத ஆப்பிள் ஜூஸ் குடித்துப் பலர் நோயில் விழுந்தார்கள், 16 மாதக் குழந்தை ஒன்று இறந்தது. அங்கே பெரிய கம்பெனியிலேயே அந்தக் கதி. தெருவோரக் கடையில் பெரியவர்கள் குடித்துத் தாங்கிக்கொள்ளலாம், ஏழு மாத வயிறு தாங்காது.

பல்லைப் பற்றி விரிக்கவில்லை. ஜூஸைப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்துத் தூங்கவிட்டால் மேல் முன்பற்கள் முளைத்த கொஞ்ச காலத்திலேயே கறுத்துக் கரைந்துவிடும். பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்பவர்கள், அதற்குள் பிள்ளை படும் வலியைப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் ஜூஸுக்கு வேலை இருக்கிறது. ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு மலம் கெட்டிப்பட்டால் சில டாக்டர்கள் ஆப்பிள் அல்லது பேரிக்காய்ச் சாறு சில கரண்டி கொடுக்கச் சொல்வார்கள். வயிற்றுப்போக்கில் கெடுதல் செய்கிற அதே சார்பிட்டால் இங்கே உதவுகிறது. நம் வீடுகளில் காய்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து கொடுப்பதும் இதற்குத்தான். டாக்டர் எத்தனை கரண்டி, எத்தனை நாள் என்று சொல்கிறாரோ அவ்வளவு கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். சீட்டைக் காட்டினால் நானே பிழிந்தும் தருவேன்.

பெரிய படிப்பாளிகள் செய்த ஆராய்ச்சி ஒன்றையும் மருமகள் படித்துக் காட்டினாள். பிரிட்டனில் போருக்குப் பின்னும் சீனிக்கு ரேஷன் இருந்தது, 1953 செப்டம்பரில்தான் எடுத்தார்கள். அந்த ரேஷன் காலத்தில் கருவில் இருந்து இரண்டு வயது வரை சீனி குறைவாக வளர்ந்தவர்களையும், ரேஷன் போன பின் பிறந்தவர்களையும் ஒப்பிட்டு 2024-ல் வெளியிட்டார்கள். முதல் கூட்டத்தாருக்கு வயதான பிறகு சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 35 சதவீதம் குறைவாம், ரத்த அழுத்தம் 20 சதவீதம் குறைவாம். அது ஜூஸைப் பற்றிய ஆராய்ச்சி இல்லை, மொத்தச் சீனியைப் பற்றியது. இருந்தாலும் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கும் நாட்டில், வீட்டுக்கு ஒருவர் இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிற தெருவில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டபோது எனக்கு யோசனையாகத்தான் இருந்தது. நாக்கு ருசி பழகுவதும் அந்த வயதில்தானே. முதலில் இனிப்புத் தண்ணீரைக் காட்டிவிட்டால் அப்புறம் பருப்புச் சோறு எப்படி இறங்கும்?

அப்படியானால் பழமே கொடுக்கக் கூடாதா என்று கேட்காதீர்கள், நான் பழக் கடைக்காரன். ஆறு மாதம் முடிந்ததும் தாராளமாகக் கொடுங்கள். கன்னியாகுமரிப் பக்கம் பிள்ளைகளுக்கென்றே மட்டிப் பழம் வைத்திருக்கிறார்கள். சின்னதாக, மணமாக இருக்கும், 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அது கிடைக்காவிட்டால் கோழிக்கூடு, நாட்டுப்பழம் எதுவானாலும் நன்றாகக் கனிந்ததாக வாங்கி ஸ்பூனால் மசித்தால் போதும். ஏத்தம்பழம் என்றால் அவித்து, நடுவில் இருக்கும் கறுப்புக் கொட்டை நரம்பை எடுத்துவிட்டு மசியுங்கள். பப்பாளி, சப்போட்டா அப்படியே மசியும். ஆப்பிளைத் தோல் சீவித் துண்டாக்கி இட்லிக் கொப்பரையில் வேகவைத்தால் குழைந்துவிடும்; பச்சை ஆப்பிள் துண்டு தொண்டையில் அடைக்கும், கொடுக்காதீர்கள். சாத்துக்குடி என்றால் சுளையின் மேல்தோலை உரித்து உள்ளே இருக்கும் முத்துகளை மட்டும். மாம்பழக் காலத்தில் நார் இல்லாத பழமாகப் பார்த்து ஒரு கதுப்பு. திராட்சையை முழுசாகக் கொடுக்கவே கூடாது, நாலு வயது வரைக்கும் நீளவாக்கில் நாலாக வெட்டித்தான். புதுப் பழம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தொடங்கி இரண்டு மூன்று நாள் பாருங்கள். சீனி, தேன், உப்பு ஒன்றும் வேண்டாம். தேன் ஒரு வயதுக்குள் விஷமாகவே ஆகலாம்; அதிலிருக்கும் ஒரு கிருமி பிள்ளையின் நரம்பையே முடக்கிவிடும். பிறந்த உடனே நாக்கில் தேன் தடவுகிற வீடுகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன, அதற்கு நீங்கள் தனியாக ஒரு பக்கமே போடலாம்.

விலையையும் பார்க்க வேண்டும். ஒரு கிளாஸ் மாதுளை ஜூஸுக்கு நான் வாங்குகிற காசில் ஒரு சீப்பு வாழைப்பழமே வாங்கிப் போகலாம். பிள்ளை தின்றது போக வீட்டில் எல்லோரும் தின்னலாம். இதைச் சொல்லி என் வியாபாரம் படுத்துவிடவில்லை. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இங்கே ஜூஸ் தரப்படாது என்று அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறேன். அதைப் படித்துவிட்டுச் சிலர் முறைப்பார்கள், சிலர் ஏன் என்று கேட்பார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குப் பழமும் தங்களுக்கு ஒரு உப்பு லெமனும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பக்கத்துக் கடைக்குப் போய் வாங்கி வருகிறவர்களும் உண்டு. அவர்களை நான் என்ன செய்ய முடியும்?

பக்கத்துக் கடையிலும் அட்டை தொங்க வேண்டும் என்றால் அது என் கையில் இல்லை. கடைகளுக்கு உணவுப் பாதுகாப்புத் துறைதான் உரிமம் கொடுக்கிறது. விலைப் பட்டியல் பக்கத்திலேயே இந்த வயது விவரத்தையும் எழுதி வைக்கச் சொல்லி அவர்கள் ஒரு சுற்றறிக்கை விட்டால் செலவில்லாமல் முடிந்துவிடும். பாக்கெட் பானங்களின் முன்பக்கத்தில், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அல்ல என்று தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போட வைக்கலாம். அங்கன்வாடியில் சத்துமாவு கொடுக்கும்போதும், கிராமச் செவிலியர் வீட்டுக்கு வரும்போதும் மற்றதோடு இதையும் ஒரு வாக்கியம் சொல்லலாம். தடுப்பூசி அட்டையில் இடம் இருக்கிறது. ஆறாம் மாதக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஜூஸ் வேண்டாம், பழம் கொடுங்கள் என்று அச்சடித்தால் எந்த அப்பாவும் என் கடையில் வந்து நிற்க மாட்டார்.

உங்களிடம் நான் கேட்பது சிறியது. அடுத்த ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவுக் கட்டம் போட்டுத் திருத்தம் வெளியிடுங்கள். உள் பக்க மூலையில் வருத்தம் தெரிவிக்கிறோம் என்று இரண்டு வரி போட்டால் அந்தப் பக்கத்தை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கும் அம்மாக்கள் யாரும் பார்க்க மாட்டார்கள். எழுதுவதற்கு முன் உங்கள் ஊர்க் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள், என் வார்த்தையை அப்படியே போட வேண்டாம். இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் என் பெயரையும் கடைப் பெயரையும் தவிர்த்துவிடுங்கள், விளம்பரத்துக்கு எழுதியதாகப் பேசுவார்கள்.

இப்படிக்கு,
ஜூஸ் கடைக்காரர் ஒருவர்,
பாளையங்கோட்டை.